தலை காயும் வரை

என் அண்ணிக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மனிதர்கள் எதைச் செய்யாமல் தட்டிக் கழித்தாலும் அதற்குப் பயம்தான் காரணம் என்பாள். என் அண்ணன் பல் டாக்டரிடம் போகாதது பயத்தால். நான் கல்யாணத்துக்குத் தலையாட்டாதது பயத்தால். பக்கத்து வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாததும் பயத்தால்தான். அவரிடம் கார் கிடையாது என்பதெல்லாம் அண்ணிக்கு ஒரு பொருட்டே இல்லை. அண்ணி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், மணிக்கட்டில் பெரிய கடிகாரம், தலையில் ஒட்ட வெட்டிய முடி. நீச்சல் போட்டிகளுக்காகக் கல்லூரி நாளிலேயே வெட்டிக்கொண்டதாம். பெண் பார்க்கப் போன அன்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். அண்ணன் மட்டும் அந்தத் தலையைப் பார்த்த இடத்திலேயே கவிழ்ந்துவிட்டான்.

நான் வேலை பார்ப்பது அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பொது நீச்சல் குளத்தில். கூரை போட்ட பெரிய கட்டடம். உள்ளே நுழைந்ததும் குளோரின் வாடை மூக்கைப் பிடிக்கும். வாசலிலேயே என் கவுண்டர். எனக்கு முன்னால் தெரு, முதுகுப் பக்கம் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் குளம். லாக்கர் சாவி, துண்டு, தொப்பி எல்லாம் என் கையால்தான் போக வேண்டும். தொப்பி இல்லாமல் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அதுவும் எங்கள் குளத்தின் முத்திரை குத்திய நீல ரப்பர் தொப்பியாக இருக்க வேண்டும். தொப்பி போடாவிட்டால் முடி உதிர்ந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். முத்திரை குத்துவதும் நான்தான். அதனால் பிள்ளைகள் எனக்குத் ‘தொப்பி அக்கா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கா என்ற வார்த்தையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு முன்னால் தொப்பியைச் சேர்த்தது அவர்களுடைய சொந்தச் சாமர்த்தியம்.

இத்தனை வருஷம் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தும் நான் ஒரு நாளும் தண்ணீரில் இறங்கியதில்லை. அதுவும் பயம்தான் என்று அண்ணி தீர்ப்பு எழுதி வைத்திருந்தாள். நான் மறுத்துப் பேசியதில்லை. அண்ணியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் உலகத்தில் உள்ள எல்லா நிறத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள், கறுப்பினத்துப் பிள்ளைகள், எங்களைப் போல மாநிறக்காரர்கள், எந்தக் கணக்கிலும் அடங்காத கலவைகள். ஏழாம் வகுப்பை வருஷக் கடைசியில் ஏரிக்கரை முகாமுக்கு அழைத்துப் போவார்கள். கூடாரம், படகு, கரையில் நெருப்பு மூட்டிப் பாட்டு என்று அந்தப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுவதும் அதே பேச்சாக இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், நிற்காமல் திரும்பி வந்து காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்கள் பள்ளிக்கூடத்திலேயே தங்கி நூலகத்தில் படம் வரைய வேண்டியதுதான்.

போன வருஷம் முகாமுக்குப் பஸ் கிளம்பியபோது அப்படித் தங்கிப்போன பிள்ளைகள் வாசலில் நின்று கையசைத்தார்கள். பஸ்ஸின் முன்சீட்டிலிருந்து அவர்களைத் திரும்பிப் பார்த்த அண்ணிக்குச் சுருக்கென்றது. முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் எங்கள் நிறம். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்களையும் வாசலில் நின்றவர்களையும் பிரித்துப் பார்க்கக் கண்ணாடி போட வேண்டிய அவசியமே இல்லை. இதைப் பற்றி எங்கள் குளத்து மேலாளரிடம் பேசியபோது, அவர் தாடையைத் தடவிக்கொண்டே, அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடிக்காது, அவர்கள் வளர்ந்த விதம் அப்படி என்றாராம். அன்று அண்ணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நேரே தலைமை ஆசிரியையிடம் போய், அடுத்த வருஷம் ஒரு பிள்ளை வாசலில் நின்றாலும் முகாமுக்குத் தானும் போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் வைத்தியத்தைத்தான் தன் பழைய மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அந்தப் பிள்ளைகளுக்குப் பயம், அதைப் போக்கினால் போதும் என்று முடிவு கட்டினாள்.

அவள் பயம் போக்கக் கிளம்பிய முதல் ஆள்தான் வக்கீல். வக்கீல் ஒரு பன்னிரண்டு வயதுக் கறுப்பினத்துப் பெண். உயரம், ஒல்லி. தலையைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்த சுருள் முடி. ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகப் பளபளக்கும், யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்துவிட்ட வேலை. மெதுவாகத்தான் பேசுவாள். ஆனால் ஆதாரம் இல்லாமல் பேச மாட்டாள். நீச்சல் வகுப்பன்று காது வலி என்றால், எந்தக் காது, எப்போது தொடங்கியது, டாக்டர் என்ன சொன்னார் என்பது வரை கூடவே வரும். அடுத்த வாரம் வயிற்று வலி. அதற்கடுத்த வாரம் நீச்சலுடை துவைத்துக் காயவில்லை, வீட்டில் துணி காயப்போடும் ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதும் சேர்த்து. இதையெல்லாம் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி அண்ணிதான் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தாள். திட்டுவதற்காக வைத்த பெயர் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது அண்ணிக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும்.

வைத்தியம் தொடங்கியது. மற்றப் பிள்ளைகள் நீந்தும்போது அண்ணி வக்கீலைக் குளத்தின் படியில் உட்காரவைத்துக் காலை மட்டும் நனைக்கச் சொன்னாள். அடுத்த வாரம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து, அதில் வாயை வைத்துக் குமிழி விடச் சொன்னாள். பிறகு குளத்தைப் பார்த்து, ‘உன்னைக் கண்டு எனக்குப் பயம் இல்லை’ என்று சொல்லச் சொன்னாள். அந்தப் பெண் சொன்னாள். கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வதுபோல நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணியோ கைதட்டினாள். அன்று இரவு உணவின்போது, இன்னும் கொஞ்ச நாளில் அவள் இறங்கிவிடுவாள் பார் என்று அண்ணனிடம் பெருமை பேசினாள்.

அவள் இறங்கவில்லை. நீச்சல் தேர்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அண்ணியின் பெருமை மெல்ல மெல்லக் கவலையாக மாறிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணி ஒரு கவளத்தை எடுத்தபடியே சிரித்தாள்.

“இன்னைக்கு வக்கீல் என்ன சொன்னா தெரியுமா? ஞாயித்துக்கிழமைதான் தலைக்குக் குளிச்சாளாம். அதனால தண்ணில இறங்க முடியாதாம். பாவம், கையில இருந்த காரணமெல்லாம் தீந்துபோச்சு போல.”

அண்ணன் சிரித்தான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“அண்ணி, அந்தப் பொண்ணு இதுவரைக்கும் சொன்னதுலயே இது ஒண்ணுதான் நெஜம்” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பின்னலை எடுத்து முன்னால் போட்டேன். என் முடி இடுப்புக்குக் கீழே வரும், பின்னினால் என் மணிக்கட்டுத் தடிமன். தலைக்குக் குளிப்பது என்றால் எனக்கு அது ஒரு நாள் காரியம். எண்ணெய் வைக்க வேண்டும், ஊற வேண்டும், அலச வேண்டும், சிக்கெடுக்க வேண்டும், பிறகு காயும்வரை எங்கேயும் போக முடியாது. அப்படிக் குளித்து முடித்த இரண்டாம் நாள் யாராவது வந்து, வா, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கிறேன் என்றால், நான் அவரைத்தான் முதலில் முக்குவேன். ஒட்ட வெட்டின தலைக்கு இது எங்கே புரியும்? துண்டால் இரண்டு தடவை தேய்த்தால் அண்ணிக்கு வேலை முடிந்தது. அந்தப் பெண்ணின் முடியோ என் முடியைப்போல வழவழவென்று தொங்குகிற முடியும் இல்லை. அதைச் சுருள் கலையாமல் பிரித்து வாரி முடிக்க அவள் அம்மாவுக்கு எத்தனை பொழுது போயிருக்கும்? நான் தண்ணீரில் இறங்காததற்கும் இதுதான் காரணம், பயம் இல்லை என்று அதே மூச்சில் சொல்லி முடித்தேன். இத்தனை வருஷம் தேக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

அண்ணன் சத்தமில்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். இந்த வீட்டில் அவன் நிம்மதியாக இருப்பதற்கு இந்தச் சாமர்த்தியம்தான் காரணம்.

“தொப்பி இருக்கே” என்றாள் அண்ணி, கொஞ்சம் சுருதி குறைந்து.

“நாளைக்கு அந்தத் தொப்பிய என் தலையில மாட்டிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

மறுநாள் தொப்பிக்கு முன்னால் அண்ணி வக்கீலிடம் போனாள். தேர்வு நெருங்கியதால் இப்போது தினமும் நீச்சல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வக்கீல் வழக்கம்போலச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அன்று முழங்கால் வலி. நான் துண்டுகளை அடுக்கும் சாக்கில் அந்தப் பக்கமே நின்றேன். அண்ணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமுடிக்காகத்தான் இறங்காமல் இருக்கிறாயா என்று நேராகக் கேட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எப்போதும்போல மெதுவாகத் தொடங்கினாள்.

“நீங்க ஒவ்வொரு வாரமும் பயமா இருக்கான்னுதான் கேட்டீங்க டீச்சர். இல்லன்னு சொன்னேன். பயப்படறது தப்பில்லன்னு சொன்னீங்க.”

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

“அப்ப உனக்கு நீந்தத் தெரியுமா?”

“தெரியும். அப்பா சொல்லிக்குடுத்தாரு. லீவுக்கு ஏரிக்குப் போவோம். கரையிலேருந்து பாறை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். அங்க தொப்பி கேக்க மாட்டாங்க. அப்புறம் நாள் பூரா தலை காய நேரம் இருக்கும்.”

“அப்ப கிண்ணத்துல குமிழி விட்டது?”

“நீங்க ரொம்ப ஆசையா சொல்லிக்குடுத்தீங்க. வேண்டாம்னா வருத்தப்படுவீங்கன்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அண்ணி சிரிக்கவில்லை. தன் விசிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை உண்மையைச் சொன்னதாகவும், அங்கிருந்த டீச்சர், அதற்குத்தானே தொப்பி என்று எல்லோர் முன்னாலும் அதை மாட்டிப் பார்த்ததாகவும், அது தலை உச்சியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் தெறித்து விழுந்ததாகவும், வகுப்பே சிரித்ததாகவும் அந்தப் பெண் சொன்னாள். காது வலி என்றால் யாரும் சிரிப்பதில்லையாம். அதைக் கேட்டதும் என் சிரிப்பு அடங்கிப்போனது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பெரிய தொப்பி வாங்கித் தந்தால் இறங்குவாயா என்று அண்ணி கேட்டாள். வக்கீல் யோசித்தாள்.

“தொப்பி பாதிதான் டீச்சர். எந்தத் தொப்பி போட்டாலும் ஓரமா தண்ணி போகும். அப்புறம் அலசணும், எண்ணெய் வைக்கணும், பிரிச்சு வாரணும். நீங்க துணி மாத்தக் குடுக்கறதே பத்து நிமிஷம். அடுத்தது கணக்கு வகுப்பு. லேட்டா வந்தா சார் கதவ மூடிடுவாரு. ஈரத் தலையோட பாதி வாரினபடி போய் உக்காந்தா எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. நான் பாக்க மாட்டேனா, யாராவது அப்படி வந்தா?”

“அது என் பொறுப்பு. உனக்கு வேண்டிய நேரம் குடுப்பேன்.”

“நீங்களா?” என்றாள் வக்கீல். மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட விட்டுக்கொடுக்காத டீச்சர் ஒருத்தி உண்டென்றால் அது அண்ணிதான். ஷூ கயிறு கட்டக்கூட நேரம் அளப்பவள். யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். அவள் நம்பவில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

அன்று மத்தியானம் குளம் காலியாக இருந்தபோது தொப்பி விவகாரத்துக்கு வந்தோம். கவுண்டருக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் பின்னலைச் சுருட்டி உச்சியில் கொண்டை போட்டேன். அண்ணி நீலத் தொப்பியை இரண்டு கையாலும் விரித்து மேலிருந்து இறக்கினாள். அது பாதித் தலையில் நின்றுகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். எனக்குக் கண் இரண்டும் மேலே ஏறிப் புருவம் காணாமல் போனது. அண்ணி கையை எடுத்ததும் தொப்பி ‘டொப்’பென்று எகிறிப்போய்க் கவுண்டரில் இருந்த ரேடியோ மேல் விழுந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி எகிறியது. மூன்றாம் தடவை நான் வலியில் போட்ட கூச்சலுக்கு மேலாளர் தம் அறையிலிருந்து வந்துவிட்டார்.

மேலாளர் நல்ல மனுஷர். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. கூரையில் எரியும் விளக்குகளை அந்தத் தலையிலேயே எண்ணிவிடலாம். அண்ணி அவரிடம், இந்தத் தொப்பி பிள்ளைகளின் தலையில் உட்காரவில்லை என்றாள். அவருக்கு ஆச்சரியம். அப்படி இருக்க முடியாது, வாங்குவதற்கு முன்னால் தானே சோதித்துப் பார்த்துத்தான் வாங்கியதாகச் சொன்னார்.

“யார் தலையில சார் சோதிச்சீங்க?” என்றேன்.

அவர் தொப்பியை எடுத்துத் தம் தலையில் மாட்டிக்கொண்டார். அது வெண்ணெய் தடவியதுபோல வழுக்கி இறங்கி அழகாக உட்கார்ந்தது. இப்படித்தான் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்களால் அடக்க முடியவில்லை. அண்ணி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் ஸ்டூலிலிருந்து கீழேயே உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். எதிரே இருந்த கண்ணாடிச் சுவரில் தம் நீலத் தலையைப் பார்த்தார். பக்கத்தில் அவிழ்ந்து தரையில் கிடந்த என் முடியைப் பார்த்தார். மெல்ல அசடு வழிந்தார்.

ஆனாலும் விதியை விட அவருக்கு மனம் வரவில்லை. புதுத் தொப்பிக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்குள் பள்ளிக்கூடத் தேர்வு முடிந்துவிடும், முத்திரை இல்லாத தொப்பியை அனுமதிக்கவும் முடியாது என்று தலையைச் சொறிந்தார். முடி அதிகம் உள்ளவர்களுக்கென்று ஆழமான தொப்பி விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைப்பதை நானே பார்த்திருக்கிறேன் என்றேன். பள்ளிக்கூடம் வாங்கி அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்று அண்ணி கேட்டாள். முத்திரை இருந்தால் நான் ஏன் தடுக்கப்போகிறேன் என்றார் அவர். முத்திரை யார் கையில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே தம் அறைக்குப் போய்விட்டார்.

தேர்வு நாள் வந்தது. புதுத் தொப்பிகள் எல்லாவற்றிலும் நான் முத்திரை குத்தி, கவுண்டரில் பழைய தொப்பிகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். யாருக்கு எது என்று நான் சொல்லவில்லை. முதலில் பெரிய தொப்பியை எடுத்தது வக்கீல் இல்லை. தோளுக்குக் கீழே பின்னல் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், இத்தனை நாளும் தலைவலியோடுதான் நீந்தினேன் என்று சொல்லி எடுத்தாள். அடுத்து, பிறந்ததிலிருந்து முடி வெட்டாத ஒரு பையன். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தே வருஷத்தை ஓட்டிய இரண்டு கறுப்பினத்துப் பெண்கள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு நீச்சல் அரைகுறைதான். தேறினால் சரி, தேறாவிட்டால் இன்னொரு நாள் கேட்டு வாங்கலாம் என்று அண்ணி தைரியம் சொல்லி அனுப்பினாள்.

வக்கீல் கடைசியில் வந்தாள். தொப்பியைக் கையில் எடுத்து, இழுத்து, உள்ளே கையை விட்டு, எல்லாக் கோணத்திலும் பார்த்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, என்னிடம் கேட்டாள்.

“டீச்சர் சொன்னபடி நேரம் குடுப்பாங்களா அக்கா?”

வீட்டிலே நான் பார்க்கும் அண்ணி வேறு, விசில் மாட்டிய அண்ணி வேறு. எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

“குடுக்கலன்னா வீட்டுக்கு வரட்டும், நான் கேக்கறேன்” என்றேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் எடை போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று கவுண்டரை மூடிவிட்டு நானும் குளத்தோரம் போய் நின்றேன். அண்ணி விசில் ஊதினாள். வக்கீல் தண்ணீரில் பாய்ந்தாள். பாய்ந்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. அந்தப் பெண் நீந்துகிறாளா, தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்றே தெரியவில்லை. நீளமான கைகள், சத்தமில்லாத கால்கள். எதிர் முனையைத் தொட்டுத் திரும்பினாள், அதே வேகத்தில் வந்தாள். அதோடு முடிந்தது என்று அண்ணி விசிலை வாயில் வைத்தாள். வக்கீல் நிற்கவில்லை. மறுபடி திரும்பினாள். மறுபடியும் போய் வந்தாள். இத்தனை மாதம் படியில் உட்கார்ந்து கால் நனைத்த கணக்கையெல்லாம் அன்றைக்கே தீர்ப்பதுபோல நீந்தினாள். பிள்ளைகள் கத்தி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். மேலாளர் அறை வாசலில் நின்று கைதட்டினார். அண்ணி ஊதவே இல்லை. விசில் வாயிலேயே இருக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கரையேறிய வக்கீலுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. தொப்பியைக் கழற்றினாள். அவள் சொன்னது சரி. ஓரமாகத் தண்ணீர் போயிருந்தது. சுருள்கள் காதுப் பக்கம் ஒட்டிக்கொண்டு, மேலே பாதி எழுந்தும் பாதி படிந்தும் இருந்தன. அதே நேரத்தில் எதிரே பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் வழக்கப்படி துணி மாற்ற ஓடினார்கள். வக்கீலின் சிரிப்பு மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன். அவள் கை தன்னிச்சையாகத் தலைக்குப் போனது. அண்ணியைப் பார்க்காமலேயே உடைமாற்றும் அறைக்கு நடந்தாள்.

அண்ணியும் உள்ளே போனாள், பின்னாலேயே துண்டுகளோடு நான். அண்ணி கண்ணாடிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு வக்கீலை உட்காரவைத்தாள். ஷவரில் நல்ல தண்ணீர் பிடித்துத் தலையை அலசவைத்தாள். வக்கீல் தன் பையிலிருந்து எண்ணெய் சீசாவையும் அகலப்பல் சீப்பையும் எடுத்தாள். கையில் ஊற்றிக்கொண்டு நுனியிலிருந்து மேலே, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். பின்பக்கம் எட்டவில்லை. உதவட்டுமா என்று அண்ணி கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கையை நீட்டாமல் நின்றாள். வக்கீல் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, சீப்பைக் கொடுத்து, மெதுவாக, நுனியிலேருந்து, என்றாள். விசில் டீச்சர் நுனியிலிருந்து தொடங்கினாள். அப்படி ஒரு பொறுமையை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

மற்றப் பெண்கள் உடை மாற்றி முடித்து, பையை மாட்டிக்கொண்டு, அண்ணி கிளம்பச் சொல்வதற்காகச் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள்; பையன்கள் வெளியே காத்து நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. பின்னல்காரப் பெண் தன் பின்னலை அவிழ்த்து அவளும் சிக்கெடுக்கத் தொடங்கியிருந்தாள். முடி வெட்டாத பையன் யாராவது ஒரு சீப்பு தருவார்களா என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தான்.

அண்ணியின் போன் அடித்தது. கணக்கு வாத்தியார். வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை, கதவை மூடலாமா வேண்டாமா என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. வக்கீல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கண்ணாடியில் இருந்த அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணி போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். கையிலிருந்த முடியை விடவில்லை.

“யாரையும் குறை சொல்லாதீங்க சார், நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். ஒரு பொண்ணுக்குத் தலை காயணும். இன்னும் காயல.” அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார். “ஆமா, அதுக்குத்தான். காஞ்சதும் எல்லாரும் சேந்து வருவோம்.”

போனை வைத்துவிட்டு அடுத்த சுருளை எடுத்தாள். கண்ணாடியில் வக்கீலின் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். தலையை ஆட்டாதே என்று அண்ணி அதட்டினாள், அவள் ஆட்டாமல் உட்கார்ந்தாள்.